கேட்கும் பொறுப்பைப் பகிர்ந்துகொள்வோம்

டவுன் சிண்ட்ரோமுடன் பிறந்த குழந்தையைத் தூக்கிக்கொண்டு மருத்துவமனைக்கு வரும் தாயிடம் பல கேள்விகள் கேட்கப்படுகின்றன. பால் எவ்வளவு குடிக்கிறது, எடை எவ்வளவு ஏறியிருக்கிறது, இதய ஸ்கேன் எடுத்தாயிற்றா, தைராய்டு பரிசோதனை முடிந்ததா என்பவை அவற்றுள் சில. அனைத்தும் தேவையான கேள்விகளே. அவற்றோடு இன்னொரு கேள்வியும் சேர வேண்டும் என்பது என் கருத்து: “குழந்தை எழுப்பும் ஒலிகளை உங்களால் தாங்க முடிகிறதா?”

இக்கேள்வி சிலருக்கு விந்தையாகத் தோன்றலாம். சிலருக்குக் கொடுமையாகவும் தோன்றலாம். பெற்ற குழந்தையின் ஒலியைத் தாங்க இயலாத தாயும் இருப்பாளா என்று அவர்கள் கேட்கக்கூடும். இருக்கிறாள். நான் அத்தகையவள். என் மகளுக்கு இப்போது 3 வயது. அவளுக்கு டவுன் சிண்ட்ரோம் உண்டு. எனக்குப் பள்ளிப் பருவம் முதல் ஒலி ஒவ்வாமை உண்டு. இவ்விரண்டும் ஒரே வீட்டில் சந்தித்தபோது எழுந்த இடர்ப்பாடுகள் எங்களுக்கு மட்டும் உரியவை அல்ல என்பதை, சிகிச்சைப் பிரிவின் காத்திருப்பு அறையில் பிற தாய்மாரோடு பேசியபோது உணர்ந்தேன். ஆகவே இதனை எழுதுகிறேன்.

ஒலி ஒவ்வாமை என்று பொதுவாகக் குறிப்பிடுவதில் இரு வேறு நிலைகள் அடங்கும். முதலாவது ஹைப்பர்அக்யூசிஸ் எனப்படுவது. பிறருக்கு இயல்பாக இருக்கும் ஒலியளவே இந்நிலை உள்ளவரின் செவிக்கு மிகையாகும். சிலருக்கு வலியும் உண்டாகும். பாத்திரம் விழும் ஓசையும் குக்கரின் விசிலும் அவர்களைத் துன்புறுத்தும். இரண்டாவது மிசோஃபோனியா எனப்படுவது. இதில் ஒலி எவ்வளவு பெரியது என்பது பொருட்டன்று. எத்தகையது என்பதே பொருட்டு. மெல்லும் ஓசை, உறிஞ்சும் ஓசை, மூக்கை இழுக்கும் ஓசை, அடுத்தவர் மூச்சுவிடும் ஓசை போன்ற சிற்றொலிகள் செவியில் விழுந்த மாத்திரத்தில் உடல் இறுகும், நெஞ்சு படபடக்கும், சினமோ அருவருப்போ மூளும், அவ்விடத்தை விட்டு ஓடிவிட வேண்டும் என்ற வேகம் எழும்.

மிசோஃபோனியா என்னும் பெயரை 2001ஆம் ஆண்டில் மார்கரெட் ஜாஸ்ட்ரெபாஃப், பாவெல் ஜாஸ்ட்ரெபாஃப் என்னும் செவித்துறை ஆய்வாளர் இருவர் வழங்கினர். 2017இல் இங்கிலாந்தின் நியூகாசில் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள், இந்நிலை உள்ளவர்களுக்கு அவ்வொலிகளைக் கேட்பித்து மூளையின் செயற்பாட்டைப் படம்பிடித்தனர். உணர்ச்சிகளைக் கையாளும் மூளைப்பகுதி ஒன்று அவர்களிடம் மிகையாகத் தூண்டப்படுவதையும், இதயத் துடிப்பு உயர்வதையும் கண்டனர். 2022இல் வல்லுநர் குழு ஒன்று இதற்குப் பொது வரையறை வகுத்தது. இச்செய்திகளை இங்கே குறிப்பிடுவதற்குக் காரணம் உண்டு. “மனத்தை அடக்கினால் சரியாகிவிடும்” என்று கூறுவோர் நம் வீடுகளில் மிகுதி. இதயத் துடிப்பை மனவுறுதியால் கட்டளையிட்டு நிறுத்துதல் எவர்க்கும் இயலாது.

இனி, டவுன் சிண்ட்ரோமுள்ள குழந்தையின் பக்கம் வருவோம். இக்குழந்தைகளின் உடலணுக்களில் 21ஆம் குரோமோசோம் ஒன்று மிகையாக இருப்பதும், அதன் விளைவாகத் தசைகள் தளர்ந்திருப்பதும் இவ்விதழின் வாசகர் பலரும் அறிந்தவை. தசைத் தளர்ச்சி கைகால்களோடு நின்றுவிடுவதில்லை. உதடு, நாக்கு, தொண்டை ஆகியவற்றிலும் அது உண்டு. முகத்தின் நடுப்பகுதி சிறுத்திருப்பதால் மூக்கின் வழிகள் குறுகியிருக்கும். வாயின் உள்ளிடம் சிறிதாகையால் நாக்குப் பெரிதாகத் தோன்றும். இவற்றின் விளைவுகள் பல ஒலியாகவே வெளிப்படுகின்றன. மூக்கில் சிறிது சளி சேர்ந்தாலும் மூச்சு கரகரக்கும். உதடுகள் முலைக்காம்பையோ பால்புட்டியின் காம்பையோ இறுகப் பற்றாதபோது, ஒவ்வொரு உறிஞ்சலுக்கும் ‘டக் டக்’ என்ற ஓசை எழும். குரல்வளையின் மேற்பகுதி மென்மையாக இருக்கும் குழந்தைகளுக்கு மூச்சை உள்ளிழுக்கும்போது கீச்சென்ற ஓசை கேட்கும். உறக்கத்தில் குறட்டை வரும். பல் முளைத்தபின் பற்களை நறநறவென்று அரைக்கும் குழந்தைகளும் உண்டு.

மிசோஃபோனியா உள்ள ஒருவரிடம் தாங்கொணா ஒலிகளைப் பட்டியலிடச் சொன்னால் ஏறத்தாழ இவற்றையே எழுதித் தருவார். நாளொன்றுக்கு 8 முறை, முறைக்கு 40 நிமிடம் பாலூட்டுவதாகக் கொண்டால் 5 மணி 20 நிமிடம் ஆகிறது. தசைத் தளர்ச்சியால் மெதுவாகக் குடிக்கும் குழந்தைக்கு 40 நிமிடம் என்பது மிகையான கணக்கன்று. அத்துணை நேரமும் அவ்வொலி தாயின் செவிக்கு ஒரு சாண் தொலைவில் எழுகிறது. அவள் விலகிச் செல்ல இயலாது. காதைப் பொத்தவும் இயலாது. அவள் இரு கைகளிலும் குழந்தை இருக்கிறது.

இந்நிலையில் அவள் முகம் சுளித்தால் வீட்டார் காண்பது என்ன? பிறந்த குழந்தைக்குக் குறை இருப்பதால் தாய்க்கு ஒட்டுதல் வரவில்லை என்பதே அவர்கள் உடனே அடையும் முடிவு. எனக்கும் அவ்வாறே சொல்லப்பட்டது. சொன்னவர்கள் தீயவர் அல்லர். குழந்தையின்மேல் கொண்ட பரிவால் சொன்னார்கள். ஆயினும் அச்சொல் தாயின் வாயை அடைத்துவிடுகிறது. குழந்தை வேறு எவ்விதக் குழந்தையாக இருந்தாலும் “இந்த ஓசை எனக்குத் தாங்கவில்லை” என்று அவள் எளிதாகச் சொல்லியிருப்பாள். டவுன் சிண்ட்ரோமுள்ள குழந்தையைப் பற்றி அதே வாக்கியத்தைச் சொன்னால் அது குழந்தையையே வெறுக்கும் சொல்லாகக் கேட்கப்படும் என்று அஞ்சி மௌனமாகிறாள். அம்மௌனத்தைத்தான் நான் அபாயமாகக் கருதுகிறேன்.

நம் மரபும் இதில் தாய்க்குத் துணைநிற்பதில்லை. குழலையும் யாழையும்விடத் தம் மக்களின் மழலை இனியது என்ற வள்ளுவரின் கருத்தைப் பள்ளியிலேயே கற்கிறோம். அதனைப் பொய் என்று நான் கூறேன். என் மகள் என்னை முதன்முறை ‘ம்மா’ என்றழைத்த நாளை எதற்கும் ஈடு சொல்ல மாட்டேன். ஆனால் வள்ளுவர் பேசியது மழலைச் சொல்லைப் பற்றி. அடைபட்ட மூக்கின் கரகரப்பையும் தாய் யாழாகக் கேட்டே ஆக வேண்டும் என்று அவர் விதிக்கவில்லை. குழந்தையை நேசிப்பதும் குழந்தையின் ஓர் ஒலியைத் தாங்க இயலாமற் போவதும் ஒரே நெஞ்சில் ஒருங்கே இருக்கக்கூடும்.

இனி, என் கருத்துக்கு எதிராக எழக்கூடிய வலுவான வாதத்தைக் கூற வேண்டும். டவுன் சிண்ட்ரோமுள்ள குழந்தையின் மூச்சொலி வெறும் தொல்லை அன்று. அது நோயின் அறிகுறியாகவும் இருக்கலாம். தாய் காதை அடைத்துக்கொண்டால் அபாயத்தை யார் கேட்பார்? இவ்வாதத்தை எளிதில் தள்ளிவிட இயலாது. இக்குழந்தைகளில் ஏறத்தாழப் பாதிப்பேருக்குப் பிறவி இதயக் குறைபாடு உண்டு. உறக்கத்தில் மூச்சுத் தடைப்படுதலும் மிகுதி. கவனம் தவறினால் இழப்பு பெரிது.

ஆனால் அந்த வாதம் காதின் ஆற்றலை மிகையாக மதிப்பிடுகிறது. அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம், டவுன் சிண்ட்ரோமுள்ள எல்லாக் குழந்தைகளுக்கும், அறிகுறி இருந்தாலும் இல்லாவிட்டாலும், 4 வயதுக்குள் உறக்கப் பரிசோதனை செய்யப் பரிந்துரைக்கிறது. பெற்றோர் கேட்டுச் சொல்வதற்கும் பரிசோதனை காட்டுவதற்கும் பெரிதும் பொருத்தம் இல்லாமையே அதற்குக் காரணம். பலத்த குறட்டை இல்லாமலும் மூச்சுத் தடை நேரலாம். இவ்வாறே, பால் மூச்சுக்குழலுக்குள் செல்லும்போது இக்குழந்தைகள் சிலர் இருமுவதே இல்லை. ஓசையின்றியே அது நிகழ்ந்துவிடும். ஆகவே இரவு முழுதும் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டிருக்கும் தாயும் குழந்தையை முழுமையாகக் காத்துவிட்டதாகக் கருத இயலாது. அவளை வதைப்பதால் குழந்தைக்குக் கிடைக்கும் பாதுகாப்பு நாம் எண்ணும் அளவினது அன்று.

காதைவிடக் கண் நம்பத்தக்கது என்பதே நான் கற்றது. மூச்சிழுக்கும்போது விலா எலும்புகளுக்கிடையே தோல் உள்வாங்குகிறதா, மூக்குத் துளைகள் விரிகின்றனவா, பால் குடிக்கும்போது நெற்றி வியர்க்கிறதா, குடித்த சில நொடிகளில் களைத்து விட்டுவிடுகிறதா என்று பார்த்து அறியலாம். இவற்றுள் எது தென்பட்டாலும் தாமதியாமல் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். உதடோ நாக்கோ நீலம் பாய்ந்தாலும், மூச்சு நின்று நின்று வந்தாலும் உடனே 108ஐ அழைக்க வேண்டும். காதில் அடைப்பான் அணிந்த தாய் இவை அனைத்தையும் காண முடியும். சொல்லப்போனால், ஒலியோடு போராடுவதில் செலவாகும் கவனம் மிச்சமாவதால் அவள் முன்னிலும் நன்றாகக் காண்பாள்.

கேட்க வேண்டிய வேளைகளில் கேட்பதற்கு வேறொரு செவி வேண்டும். இதுவே என் கருத்தின் மையம். கேட்கும் பொறுப்பு குடும்பத்துக்கு உரியது. எங்கள் வீட்டில் இரவின் முற்பகுதியில் கணவர் குழந்தையருகே உறங்குகிறார், பிற்பகுதியில் நான். மாலைப் பாலை என் மாமியார் கொடுத்து வந்தார். “அத்தை, இந்த ஒரு வேளையை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள், எனக்குக் காது தாங்கவில்லை” என்று சொல்ல எனக்குச் சில வாரங்கள் ஆயின. சொன்னபின் அவர் கேட்டது ஒன்றுதான்: “இதை முன்பே சொல்லியிருக்கலாமே, அம்மா?” எல்லா வீட்டிலும் இவ்வாறு நிகழும் என்று கூற மாட்டேன். தனிக்குடித்தனத்தில், கணவர் இரவுப்பணிக்குச் செல்லும் வீட்டில், உதவிக்கு ஆளில்லாத தாயரும் உள்ளனர். அவர்களுக்காகத்தான் மருத்துவமனையின் துணை மிகுதியும் தேவை.

பொறுப்பைப் பகிர்வதற்கு முன்பே செய்யத்தக்கது ஒன்றுண்டு: ஒலியையே குறைப்பது. குழந்தையின் ஒலிகள் பலவற்றுக்கு மருத்துவம் இருக்கிறது என்பது பெற்றோர் பலருக்குத் தெரிவதில்லை. மருத்துவர் சொல்லும் முறையில் உப்புநீர்ச் சொட்டு மருந்தை மூக்கில் விட்டால் கரகரப்புத் தணியும். பாலூட்டும்போது தாடையையும் கன்னத்தையும் கையால் தாங்கிப் பிடிக்கும் முறையைச் சிகிச்சையாளர் கற்றுத்தருவார். உதடுகள் இறுகப் பற்றியதும் ‘டக் டக்’ ஓசை குறையும். பாலும் நன்கு இறங்கும். கீச்சென்ற மூச்சொலியைக் காது மூக்கு தொண்டை மருத்துவர் பார்க்க வேண்டும். குரல்வளை மென்மையால் வருவதாயின் பெரும்பாலும் 2 வயதுக்குள் அது தானே குறையும் என்று அறிவதே தாய்க்கு ஆறுதல். தூளியில் படுக்கவைத்தால், தளர்ந்த கழுத்து மடங்கி முகவாய் நெஞ்சில் பதியும். மூச்சுவழி நெருக்குண்டு ஒலி மிகும், அபாயமும் மிகும். சமமான, அழுத்தமான படுக்கையில் மல்லாத்திப் படுக்கவைப்பதே நன்று. இவ்வாறு, தாய் தன் செவிக்காகக் கேட்கும் உதவி குழந்தையின் மூச்சுக்கும் வயிற்றுக்கும் நலமாகவே முடிகிறது. “ஒலி தாங்கவில்லை” என்று அவள் வாய்திறப்பது குழந்தைக்கே நன்மை என்று நான் சொல்வது இதனால்தான்.

காதடைப்பான்களைப் பற்றியும் சிறிது கூற வேண்டும். பஞ்சை உருட்டி வைப்பதால் பயன் குறைவு. அது உள்ளே சிக்கிக்கொள்ளவும் கூடும். பேச்சொலியை ஓரளவு விட்டு, மற்றதைத் தணிக்கும் வகை அடைப்பான்கள் உள்ளன. பாலூட்டும் வேளைக்கு அவை ஏற்றவை. நாள் முழுதும் அணிதல் கூடாது. ஓயாத மௌனத்துக்குப் பழகிய செவி பிறகு சிற்றொலிக்கும் துடிக்கும். குழந்தையோடு தனியே இருக்கையில் அடைப்பான் அணிந்து உறங்குதல் அறவே கூடாது. மின்விசிறி போன்ற சீரான பின்னணி ஒலி சிலருக்கு உதவும். அதனை உரக்க வைப்பது தவறு. டவுன் சிண்ட்ரோமுள்ள குழந்தைகளுக்குச் செவித்துளை குறுகலாதலாலும் செவிப்பறையின் பின்னே நீர் கோத்துக்கொள்வதாலும் கேட்கும் திறன் குறைவது மிகுதி. நம் செவிக்காக எழுப்பும் இரைச்சலில் அவர்கள் கேட்க வேண்டிய சொற்கள் மூழ்கிவிடலாகாது. அடைப்பான் அணிந்த தாயும் முகத்துக்கு முகம் நோக்கிப் பேசலாம், பாடலாம். குழந்தைக்கு வேண்டியது அவளுடைய குரலும் முகமும்தான். குழந்தையின் செவிப் பரிசோதனையை, பிறந்தபோது ‘சரி’ என்று வந்திருந்தாலும், 6 மாதத்திலும் அதன்பின் மருத்துவர் சொல்லும் இடைவெளிகளிலும் மீண்டும் செய்துகொள்வது இன்றியமையாதது.

“கேட்டுக் கேட்டுப் பழகினால் போய்விடும்” என்று கூறுவோரும் உளர். மிசோஃபோனியாவில் வெறுமனே சகித்திருப்பது பெரும்பாலும் பயன் தருவதில்லை. வெறுப்பு முற்றுவதும் உண்டு. சிந்தனைப் போக்கையும் நடத்தையையும் படிப்படியாகச் சீர்செய்யும் உளவியல் சிகிச்சை பலருக்கு உதவியிருக்கிறது. அதற்கு முன்னதாக, மகப்பேற்றுக்குப் பின் வரும் மனச்சோர்வு இருக்கிறதா என்றும் மருத்துவர் ஆராய வேண்டும். உறக்கமின்மையும் மனச்சோர்வும் ஒலியின் கூர்மையைப் பன்மடங்காக்கும். மனம் தளர்ந்தவர்கள் 14416 என்ற எண்ணில் அரசின் டெலி மானஸ் சேவையை அழைத்துத் தமிழிலேயே பேசலாம்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். சில வேளைகளில் சினம் கட்டுக்கடங்காமல் எழும். அப்போது செய்யத்தக்கது எளியது: குழந்தையைத் தொட்டிலிலோ தரை விரிப்பிலோ மல்லாத்திக் கிடத்திவிட்டு, கதவைத் தாண்டிச் சில நிமிடம் நிற்க வேண்டும். தண்ணீர் குடிக்கலாம், யாரையேனும் அழைக்கலாம். பாதுகாப்பாகக் கிடத்தப்பட்ட குழந்தை சில நிமிடம் அழுவதால் கேடில்லை. குழந்தையைக் குலுக்குதல் உயிருக்கே ஊறு செய்யும். கழுத்துத் தசை தளர்ந்த இக்குழந்தைகளுக்கு அது இன்னும் கொடிது. விலகி நின்ற அந்தச் சில நிமிடங்களுக்காக எந்தத் தாயும் வெட்கப்பட வேண்டியதில்லை.

ஆகவே என் வேண்டுகோள்கள் மூன்று. மருத்துவமனைக்கு: முதல் வருகையின் கேள்விப் படிவத்தில் ஒலி பற்றிய ஒரு வரியைச் சேருங்கள். தாய் ‘ஆம்’ என்றால் காது மூக்கு தொண்டைப் பிரிவுக்கும் பாலூட்டல் பயிற்சிக்கும் மனநல ஆலோசனைக்கும் ஒரே நாளில் வழிகாட்டுங்கள். மும்முறை அலைவதற்கு அவளிடம் தெம்பிராது. குடும்பத்தாருக்கு: அவள் முகம் சுளிக்கும்போது “பாசமில்லையா?” என்று கேளாமல் “சற்று நேரம் நான் வைத்துக்கொள்ளட்டுமா?” என்று கேளுங்கள். தாய்க்கு: அடுத்த முறை வரும்போது, எந்த ஒலி, எந்த வேளையில், எவ்வளவு நேரம் என்று ஒரு தாளில் எழுதி வாருங்கள். முடிந்தால் அவ்வொலியைக் கைப்பேசியில் பதிந்து வந்து, அதை மருத்துவரிடம் ஒப்படைத்துவிடுங்கள். உங்களுக்குத் தொல்லையான ஒலி அவருக்குத் துப்பாகப் பயன்படும்.

என் மகள் இப்போது மிக்சி ஓடும் ஓசை கேட்டால் இரு கைகளாலும் தன் காதுகளைப் பொத்திக்கொள்கிறாள். உடனே என் மாமியார் அவளைத் தூக்கிக்கொண்டு திண்ணைக்குப் போய்விடுகிறார். சட்னி அரைத்து முடியும்வரை அங்கே அவளுக்குக் காக்கை காட்டுகிறார். அவளுக்குப் பாசமில்லை என்று இதுவரை ஒருவரும் சொன்னதில்லை. அவளுக்குக் காட்டும் அந்தக் கனிவைத்தான் அவளைப் போன்ற குழந்தைகளின் தாய்மாருக்கும் கேட்கிறேன்.